சுடுபாறைக்குள் நீர் இறக்குவது எப்படி: ஒரு கண்காணிப்புப் பொறியாளரின் குறிப்புகள்

என் அப்பா திருச்செங்கோட்டில் ரிக் லாரி வைத்திருந்தார். வற்றிப்போன போர்வெல்களுக்குள் பாக்கர் (துளையை நடுவில் அடைக்கும் ரப்பர் அடைப்பு) இறக்கி, மேலேயிருந்து நீரை அழுத்தி, பாறையின் வெடிப்புகளைத் திறந்துவிடும் வேலையும் செய்வார். பள்ளி விடுமுறையில் ஒருமுறை கூடப் போயிருந்தேன். இங்கே அழுத்திக்கொண்டிருக்கும்போது, இரண்டு காடு தள்ளி இருந்த தோட்டத்துப் போரிலிருந்து கலங்கல் தண்ணீர் பொங்கி வழிந்தது. அந்தத் தோட்டக்காரர் ஓடி வந்தார். அப்பா உடனே பம்பை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "பாத்தியா கண்ணு, நாம இங்க அமுக்கறோம், அது அங்க போயி எந்திரிக்குது. எங்க போவுதுன்னு தெரியாம அமுக்கக் கூடாது."

இன்று நான் பார்க்கும் வேலையும் அதுதான். ஆழம் மட்டும் சில கிலோமீட்டர். பாறை 200 டிகிரி சூடு. மேம்படுத்திய புவிவெப்பத் திட்டங்களில், நீர் அழுத்தும்போது பாறைக்குள் எழும் நுண்ணதிர்வுகளைக் கண்காணிப்பது என் பொறுப்பு. ஜியாலஜியோ மெக்கானிக்கலோ படித்துவிட்டு இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகள் சிலர் எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக, களத்தில் வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் பேனாவும் தாளும் எடுங்கள்

வெந்நீர் ஊற்று இல்லாத இடத்திலும் போதுமான ஆழத்தில் பாறை சூடாகத்தான் இருக்கும். அந்தச் சூட்டை மேலே கொண்டுவர அங்கே நீரும் இல்லை, நீர் ஓட வழியும் இல்லை. அதனால் ஒரு கிணற்றில் நீரை அழுத்தி வெடிப்புகளைத் திறக்கிறோம், இன்னொரு கிணற்றில் அதைச் சூடாக எடுக்கிறோம். இருப்பு என்று பார்த்தால் குறையே இல்லை. ஒரு கன கிலோமீட்டர் கிரானைட் ஒரே ஒரு டிகிரி குளிர்ந்தாலும் சுமார் 58 கோடி யூனிட் வெப்பம் வெளிவரும்.

சிக்கல் எடுப்பதில் இருக்கிறது. நொடிக்கு 60 லிட்டர் நீர் மேலே வருகிறது, மின்நிலையத்தில் அது 100 டிகிரி குளிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் வெப்பம் சுமார் 25 மெகாவாட். இந்த வெப்பநிலையில் அதில் எட்டில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். ஆக, கையில் 3 மெகாவாட். அந்த நீரைப் பாறை வழியே தள்ள 100 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) வேண்டியிருந்தால் பம்பு மட்டும் ஏறக்குறைய 800 கிலோவாட் தின்னும். 200 பார் வேண்டுமென்றால் உற்பத்தியில் பாதி பம்புக்கே போய்விடும்.

அழுத்தத்தைக் குறைவாக வைப்பது பாதுகாப்புக்காக லாபத்தை விட்டுக்கொடுப்பது என்று சிலர் பேசுவார்கள். அந்தப் பேச்சை ஏற்காதீர்கள். பாறைக்குள் நல்ல வழி அமைந்தால் குறைந்த அழுத்தமே போதும். பம்புச் செலவும் குறையும், நிலம் அதிரும் வாய்ப்பும் குறையும். என் அனுபவத்தில் இரண்டும் ஒரே வேலை.

இடத்தைப் பார்ப்பது, ஊரைப் பார்ப்பது

பாறையில் ஏற்கெனவே இருக்கும் பெரிய பிளவுத்தளங்கள் அசையாமல் நிற்பது, இரு பக்கமும் இறுக்கிப் பிடித்திருப்பதால்தான். நடுவில் நீரின் அழுத்தம் புகுந்தால் பிடி தளரும். காலகாலமாகச் சேர்ந்த விசை அங்கே இருந்தால் பாறை நழுவும். சிறு வெடிப்பு நழுவினால் நமக்கு நன்மை: மேடும் பள்ளமுமான முகங்கள் இடம் மாறி உட்கார்ந்து, நீருக்கு வழி விடும். பெரிய பிளவுத்தளம் நழுவினால் அதற்குப் பெயர் நிலநடுக்கம்.

எனவே பாறை எந்தத் திசையில் எவ்வளவு நெருக்கப்பட்டிருக்கிறது, எந்தப் பிளவுகள் நழுவும் நிலையில் இருக்கின்றன என்பதைக் கிணறு தோண்டும் முன்பே வரைந்துவிட வேண்டும். அதிர்வுமானிகளையும் முன்கூட்டியே நட்டு, பல மாதங்கள் சும்மா கேட்க வேண்டும். இயல்பாக அந்த ஊரில் எத்தனை சிற்றதிர்வுகள் வருகின்றன என்று தெரியாவிட்டால், பிறகு எது உங்களால் வந்தது, எது தானாக வந்தது என்று பிரிக்கவே முடியாது.

அமெரிக்க எரிசக்தித் துறை 2012-இல் வெளியிட்ட தூண்டப்பட்ட நில அதிர்வு நெறிமுறையில் ஏழு படிகள் உண்டு. ஊர் மக்களிடம் போய்ப் பேசுவது அதில் இரண்டாவது படி. அளவீடுகளுக்கும் முன்னால் அதை வைத்திருக்கிறார்கள். அது சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. முதல் அதிர்வு வந்த பிறகு கூட்டம் போட்டு விளக்கினால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்ப வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கிணறு தோண்டியது நகரத்துக்குள்ளேயே. 1356-இல் பெரும் நிலநடுக்கம் கண்ட ஊர் அது. 2006 டிசம்பரில் ஆறு நாள்களில் சுமார் 11,570 கன மீட்டர் நீரை 5 கி.மீ. ஆழக் கிணற்றில் அழுத்தினார்கள். அதிர்வுகள் பெரிதானதும் பம்பை நிறுத்தினார்கள். நிறுத்திச் சில மணி நேரம் கழித்துத்தான் 3.4 அளவு அதிர்வு வந்தது. சுவர்களில் விரிசல், இழப்பீட்டுக் கோரிக்கைகள், கடைசியில் 2009-இல் திட்டமே கைவிடப்பட்டது. வெப்பத்தைக் குழாயில் கொண்டுபோக வசதி என்று மக்கள் குடியிருக்கும் இடத்துக்கு நடுவில் கிணற்றை வைப்பதற்கு முன் பாசலைப் படியுங்கள்.

தோண்டும்போது சேற்றைக் கவனியுங்கள்

அப்பா போர் போடும்போது வெளியே வரும் கல்பொடியைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். நிறம் மாறினால் பாறை மாறியது. பொடி வருவது நின்றால் கீழே ஏதோ திறந்திருக்கிறது. ஆழக் கிணற்றிலும் அதே கதைதான். துளையிடும்போது பிட்டைக் குளிர்விக்கவும் கல்பொடியை மேலே கொண்டுவரவும் உள்ளே அனுப்பும் துளைச்சேறு முழுதாகத் திரும்பி வராவிட்டால் அது ஒரு செய்தி.

தென்கொரியாவின் போஹாங்கில் இரண்டாவது கிணறு தோண்டும்போது 3.8 கி.மீ. ஆழத்தையொட்டிப் பெருமளவு சேறு பாறைக்குள் போய் மறைந்தது. அந்த ஆழத்துக் கல்பொடியில் பிளவுத்தளத்தில் அரைபட்ட பாறைத்தூள் இருந்ததைப் பின்னர் வந்த ஆய்வுக்குழு கண்டது. அந்தச் செய்தி அப்போதே சரியாகப் படிக்கப்பட்டிருந்தால், 2017-இல் அங்கே வந்த நிலநடுக்கத்தின் கதை (கீழே சொல்கிறேன்) வேறாக இருந்திருக்கலாம். சேறு காணாமல் போனால் ஆழம், அளவு, நேரம் மூன்றையும் எழுதுங்கள். அந்த இடத்துப் பொடியை எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். விடை கிடைக்கும்வரை அந்த ஆழத்தில் அழுத்தும் பேச்சே கூடாது.

கேசிங் குழாய், அதாவது கிணற்றுக்குள் இறக்கி, பாறைக்கும் அதற்கும் நடுவில் சிமென்ட் நிரப்பும் உருக்குக் குழாய் விஷயத்தில் எண்ணெய்க் கிணற்றுப் பழக்கம் போதாது. 2,000 மீட்டர் நீள உருக்குக் குழாய் 150 டிகிரி சூடேறினால், சும்மா விட்டால், 3.6 மீட்டர் நீளும். சிமென்ட் அதை நீளவிடாமல் பிடித்துக்கொண்டால் உருக்குக்குள் சுமார் 360 மெகாபாஸ்கல் நெருக்கம் ஏறும். கே-55 வகை உருக்கு தாங்க வேண்டிய குறைந்தபட்ச எல்லையே 379. அப்புறம் குளிர்ந்த நீரை அழுத்தும்போது அதே குழாய் சுருங்கப் பார்க்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் முதலில் போவது இணைப்புத் திருகுகள்தான். எனவே அடியிலிருந்து தரைமட்டம் வரை இடைவெளி இல்லாமல் சிமென்ட் ஏற வேண்டும். சாதாரணச் சிமென்ட் 110 டிகிரிக்கு மேல் நாளடைவில் வலு இழக்கும். 35 முதல் 40 சதவீதம் சிலிக்கா மாவு கலப்பது அதற்காகத்தான். ஆஸ்திரேலியாவின் கூப்பர் படுகையில் 2009-இல் ஹபனேரோ-3 கிணற்றின் கேசிங் உடைந்து வெந்நீரும் நீராவியும் வெளியே பீறிட்டன. மேலே நின்று வேலை பார்ப்பவர்களின் உயிர் அந்தக் குழாயில் இருக்கிறது.

துளையிடும் வேகம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யூட்டா மாநிலத்தில் மில்ஃபோர்டுக்கு அருகிலுள்ள ஃபோர்ஜ் ஆய்வுக்களத்தில், செயற்கை வைரம் பதித்த பி.டி.சி. பிட்டுகள் கிரானைட்டையும் வேகமாக வெட்டும் என்று காட்டிவிட்டார்கள். ஒருகாலத்தில் முடியாது என்றிருந்த வேலை அது.

வெடிப்பைத் திறப்பது

பழைய முறை, ஒரு நெடுங்கிணற்றின் அடியில் பெரிய அளவு நீரை ஒரே மூச்சில் அழுத்துவது. நீர் தனக்குப் பிடித்த ஒரே வழியில் போய்விடும். அந்த ஒரு வெடிப்பு மட்டும் விரிந்து, அதன் இரு பக்கமும் சீக்கிரம் குளிர்ந்து, மறு கிணற்றில் வெதுவெதுப்பான நீர் வரும். மற்றப் பாறையெல்லாம் சூடாக, சும்மா கிடக்கும்.

இப்போதைய முறையில் கிணற்றைச் சாய்த்தோ கிடைமட்டமாகவோ கொண்டுபோய், பகுதி பகுதியாக அடைத்து, ஒவ்வொன்றிலும் சிறிய அளவு நீரை அழுத்துகிறோம். பல வெடிப்புகள், பல முகங்கள், பாறை சமமாகக் குளிரும். ஒரு பகுதியில் ஏதாவது தவறினால் அதை மட்டும் மூடிவிட்டு மற்றதைத் தொடரலாம். நெவாடாவின் புளூ மவுண்டனில் ஃபெர்வோ நிறுவனம் 2023-இல் இப்படி அமைத்த கிடைமட்டக் கிணற்று ஜோடி, 30 நாள் சோதனையில் நொடிக்கு 63 லிட்டர் வரை ஓட்டி, 3.5 மெகாவாட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் தந்தது.

இரண்டாவது கிணற்றை எப்போது தோண்டுவது? முதல் கிணற்றில் வெடிப்பைத் திறந்த பிறகுதான். இது ஃபென்டன் ஹில் கற்றுத்தந்த பாடம். நியூ மெக்சிகோவில் லாஸ் அலமோஸ் ஆய்வகம் நடத்திய அந்தக் களத்தில் இரண்டு கிணறுகளையும் முதலிலேயே தோண்டிவிட்டு, இடையில் வெடிப்பு வந்து சேரும் என்று காத்திருந்தார்கள். 1983-இல் 21,000 கன மீட்டருக்கும் மேல் நீர் அழுத்தியும் இரண்டும் சேரவில்லை. வெடிப்பு அவர்கள் நினைத்த திசையில் போகவில்லை. பிறகு அதிர்வுகள் காட்டிய இடத்தை நோக்கிக் கிணற்றைத் திருப்பித் தோண்டியதும்தான் இணைப்பு கிடைத்தது. ஃபோர்ஜில் இதை ஒழுங்காகச் செய்தார்கள்: 2022-இல் முதல் கிணற்றில் அழுத்தி, அதிர்வுகளின் இருப்பிடத்தை வரைந்து, 2023-இல் சுமார் 100 மீட்டர் மேலே இணையாக இரண்டாவது கிணற்றை அந்தக் கூட்டத்துக்குள்ளேயே செலுத்தினார்கள். 2024-இல் நீர் முறையாகச் சுற்றி ஓடியது.

வெடிப்பு மூடாமல் இருக்க மணல் திணிப்பது உண்டு. எல்லாப் பகுதிக்கும் அளவு பார்த்துத் திணியுங்கள். இங்கிலாந்தின் கார்ன்வாலில் ரோஸ்மனோவஸ் களத்தில் மணல் திணித்தபோது எதிர்ப்பு குறைந்தது, நீர் இழப்பும் குறைந்தது, கூடவே நீர் குறுக்கு வழியில் ஓடுவது அதிகமாகிவிட்டது.

ஒவ்வொரு பகுதியிலும் முதலில் மிகச் சிறிய சோதனை அழுத்தம் கொடுங்கள். வெடிப்பு எந்த அழுத்தத்தில் திறக்கிறது, பம்பை நிறுத்தினால் எப்படித் தணிகிறது என்று பார்த்துவிட்டு மேலே போகலாம். அவசரப்படுத்துவார்கள். ரிக்கின் நாள் வாடகை அப்படி. அந்த அரை நாளை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அதிர்வைக் கேட்பது

இது என் வேலை என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நாம் திறக்கும் ஒவ்வொரு வெடிப்பும் ஒரு சிறு சத்தம் போடும். பெரும்பாலானவை மேலே நிற்கும் யாருக்கும் தெரியாது. அவற்றைப் பிடிக்கக் கிணறுகளுக்குள் ஜியோஃபோன் என்ற அதிர்வுணரியைத் தொங்கவிடுகிறோம். சூட்டில் அவை அடிக்கடி செத்துப்போகும். கேசிங்குக்குப் பின்னால் சிமென்ட்டோடு பதித்த ஃபைபர் கேபிள் அதிக நாள் தாங்குகிறது. அதன் முழு நீளமும் காதாகிறது. தரையிலும் சுற்றிலும் அதிர்வுமானிகள் வேண்டும். ஆழத்துக் கருவி போனாலும் மேலே உள்ளவை வேலை செய்யும்.

கருவி நல்லதாக இருந்தால் போதாது, கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு களத்தில், இரவுப் பணியில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிர்வுகள் எல்லாம் வடக்கே நகர்ந்துகொண்டிருப்பதுபோல் தெரிந்தது. அங்கே ஒரு பிளவுத்தளம் வரைபடத்தில் இருந்தது. பதறிப்போய் மேலாளரை எழுப்பி, பம்பை நிறுத்த வைத்தேன். விடிந்ததும் பார்த்தால், ஒரு நிலையத்தின் ஜி.பி.எஸ். தொடர்பு அறுந்து அதன் கடிகாரம் 0.1 நொடி விலகியிருந்தது. கிரானைட்டில் முதலலை (அதிர்விலிருந்து முதலில் வந்து சேரும் வேகமான அலை) நொடிக்கு சுமார் 5.5 கி.மீ. ஓடும். 0.1 நொடி என்றால் 550 மீட்டர். அதிர்வு எங்கும் நகரவில்லை. நிறுத்தியதற்காக யாரும் என்னைத் திட்டவில்லை, ஆனால் கடிகாரத்தைப் பார்க்காமல் விட்டது என் பிழை. அதிலிருந்து பணி தொடங்கியதும் எல்லா நிலையங்களின் கடிகார நிலையையும் பார்த்து எழுதுவதுதான் என் முதல் வேலை. அதேபோல, கேசிங்கில் துளையிடச் சுடும் வெடிகளின் ஆழம் நமக்கு மீட்டர் கணக்கில் தெரியும். அந்த வெடியை உங்கள் கணினி எங்கே வைக்கிறது என்று பாருங்கள். தெரிந்த இடத்தையே தவறாகக் காட்டும் கணினியை, தெரியாத இடத்துக்கு நம்பக் கூடாது.

திரையில் எதைத் தேடுவது? எண்ணிக்கையைவிட வடிவத்தைப் பாருங்கள். அழுத்தும் பகுதியைச் சுற்றிப் புள்ளிகள் மெல்லப் பரவினால் நல்லது. புள்ளிகள் ஒரு தட்டையான தளத்தில் வரிசை கட்டி, நீங்கள் திறக்க நினைத்த எல்லையைத் தாண்டி நீண்டால் அது ஏற்கெனவே இருந்த பிளவுத்தளம். அளவு சிறியதாக இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்து, சிறிய அதிர்வுகளுக்கும் பெரிய அதிர்வுகளுக்கும் உள்ள விகிதம். பெரியவை வழக்கத்துக்கு மேல் கூடிக்கொண்டே போனால், விதிமுறை எல்லை தொடாவிட்டாலும், அழுத்தத்தைக் குறையுங்கள். அளவில் ஒன்று கூடினால் ஆற்றல் 32 மடங்கு.

அதிர்வின் அளவைப் பார்த்துத் தொடரலாமா, குறைக்கலாமா, நிறுத்தலாமா என்று சொல்லும் பச்சை, மஞ்சள், சிவப்பு சிக்னல் முறை பெரும்பாலான களங்களில் உண்டு. பாசலிலும் இருந்தது. சிவப்புக்கு வந்த பிறகு நிறுத்தினால், நிறுத்திய பிறகு வரும் அதிர்வு அதைவிடப் பெரிதாக இருக்கலாம் என்பதுதான் அங்கே நடந்தது. அதனால் நீங்கள் தாங்கக்கூடிய எல்லை எதுவோ, அதற்கு வெகு கீழே சிவப்பை வையுங்கள். ஃபின்லாந்தில் ஹெல்சிங்கிக்கு அருகே ஓட்டனியமியில் 2018-இல் 6.1 கி.மீ. ஆழத்தில் 49 நாள் நீர் அழுத்தினார்கள். மொத்தம் சுமார் 18,000 கன மீட்டர், தாண்டக் கூடாத சிவப்பு எல்லை 2.1 அளவு. அதிர்வுகளை உடனுக்குடன் பார்த்து, ஓட்டத்தைக் குறைத்து, இடையிடையே ஓய்வு கொடுத்து, 1.9-க்கு மேல் போகாமல் முடித்தார்கள். அதற்கு வேண்டிய பொறுமையும் பயிற்சியும் சாதாரணமல்ல.

பம்பு நின்ற பிறகு

போஹாங்கில் கடைசியாக நீர் அழுத்தியது 2017 செப்டம்பர் 18. நவம்பர் 15 அன்று 5.5 அளவு நிலநடுக்கம் வந்தது. 58 நாள் இடைவெளி. பலர் காயமடைந்தார்கள், வீடுகள் இடிந்தன. மறுநாள் நடக்க வேண்டிய நாடு தழுவிய கல்லூரி நுழைவுத் தேர்வையே ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் 3.2 அளவு அதிர்வு வந்திருந்தது. அதற்குப் பிறகும் அழுத்துவது தொடர்ந்தது. நீர் அழுத்தியதே அங்கிருந்த, யாரும் வரைந்திராத பிளவுத்தளத்தைத் தூண்டியது என்று 2019 மார்ச்சில் அரசின் ஆய்வுக்குழு அறிவித்தது.

பம்பை நிறுத்தினாலும் கீழே போன அழுத்தம் நின்றுவிடாது. பாறைக்குள் மெல்லப் பரவிக்கொண்டே இருக்கும். ஆகவே அழுத்தத் தொடங்கும் முன்பே மூன்று விஷயம் தயாராக இருக்கட்டும். நீரைத் திரும்ப மேலே விட்டு அழுத்தத்தை இறக்கப் போதுமான குளமும் குழாயும். நிறுத்தியபின் குறைந்தது சில மாதங்களுக்குக் கண்காணிப்பு ஆட்களும் அவர்களுக்குச் சம்பளமும், பட்ஜெட்டில் எழுத்துபூர்வமாக. யாரிடமும் கேட்காமல் பம்பை நிறுத்தும் அதிகாரம், இரவுப் பணியில் இருப்பவர் கையில். மூன்றாவதைத்தான் நிறுவனங்கள் கடைசிவரை இழுத்தடிக்கும். அது கையெழுத்தாகாமல் நான் பணிக்கு உட்காருவதில்லை.

ஓட ஆரம்பித்த பிறகு

உள்ளே விட்ட நீரில் எவ்வளவு திரும்பி வருகிறது? நொடிக்கு 60 லிட்டர் ஓட்டத்தில் 10 சதவீதம் காணாமல் போனால், ஒரு நாளைக்கு 5 லட்சத்து 18 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 43 லோடு. வறண்ட நாட்டில் அந்த நீர் யாருடையது என்ற கேள்வி ஒன்று. போன நீர் எங்கே அழுத்தமாகச் சேர்கிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. திரும்பாத நீரின் அளவும் அதிர்வு வரைபடமும் ஒரே மேசையில் இருக்க வேண்டும்.

எந்தப் பகுதி வழியாக எவ்வளவு நீர் போகிறது என்று அறிய, சூட்டைத் தாங்கும் நாஃப்தலீன் சல்போனேட் போன்ற சுவடு காட்டிகளை, அதாவது நீரோடு போய் அதன் வழியைக் காட்டிக்கொடுக்கும் வேதிப்பொருள்களை, கலந்து விடுங்கள். விட்டது மிகச் சீக்கிரம், ஒரே கூர்மையான உச்சமாக மறு கிணற்றில் வந்தால் குறுக்கு வழி இருக்கிறது. அந்தப் பகுதியின் ஓட்டத்தைக் குறைக்கவோ அடைக்கவோ இதுவே சமயம். நீர் குளிர்ந்து வர ஆரம்பித்த பிறகு அடைத்தால் போன சூடு திரும்ப வருடங்கள் ஆகும்.

ஒரே கிணற்றில் முழு நீரையும் திரும்ப அழுத்தாமல் இரண்டில் பிரித்தால் அழுத்தம் தணியும். பிரான்ஸின் சூல்ட்ஸ் களத்தில் இப்படித்தான் அதிர்வைக் குறைத்தார்கள். நீரை மிகவும் குளிரவிட்டுத் திரும்ப அனுப்பினால் சிலிக்கா படிந்து குழாயும் வெடிப்பும் அடைபடும். சூல்ட்ஸ் இருக்கும் மேல் ரைன் பள்ளத்தாக்கின் நீரில் பாரைட், கலீனா என்ற கனிமப் படிவுகளும் வரும். அவற்றில் ரேடியமும் கதிர்வீசும் ஈயமும் சிறு அளவில் கலந்திருக்கும். வெப்பப் பரிமாற்றியைத் திறந்து சுரண்டும் தொழிலாளிக்கு முகக்கவசம், கையுறை, கதிரளவி கொடுக்காமல் அந்த வேலையைத் தொடங்காதீர்கள். படிவை ஈரமாகவே சுரண்டச் சொல்லுங்கள், தூள் பறக்கக் கூடாது.

என் பணிப்பதிவேட்டில் ஒவ்வொரு காலையும் ஆறு மணிக்கு ஒரே வரிசையில் எழுதுவது இவை: உள்ளே போன நீர், வெளியே வந்த நீர், இரண்டின் வித்தியாசம், கிணற்றுத்தலை அழுத்தம், வந்த நீரின் வெப்பநிலை, கடந்த 24 மணி நேரத்தின் பெரிய அதிர்வு, அது எந்த ஆழத்தில், கடிகாரங்கள் சரியா. கடைசிக் கட்டத்தில், ஊரிலிருந்து யாராவது போன் செய்தார்களா, என்ன சொன்னார்கள் என்பது. சத்தம் கேட்டதாக ஒருவர் சொல்லி, கருவியில் ஒன்றும் இல்லாவிட்டாலும் அதையும் எழுதி, அன்று மாலைக்குள் அவரைத் திரும்ப அழைத்துப் பேசிவிடுவேன்.